வாசகர் கேள்வி – பதில்: மாடி வீட்டு மாணவர்களும் தெருவின் தூக்கமும்

இந்த முறை வேலூர், காட்பாடி பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பல, வாடகை வீடுகளில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்களின் குடியையும் அதனால் அக்கம்பக்கத்தாரோடு மூளும் சண்டைகளையும் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, முழு இடத்தையும் இதற்கே தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காட்பாடியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் மாடியோடு கூடிய ஒரு வீட்டை எட்டு மாணவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வெள்ளி, சனிக்கிழமை இரவுகளில் வெளியிலிருந்தும் நண்பர்கள் வந்து சேர, மொட்டை மாடியில் குடியும் பாட்டும் கூச்சலும் விடியற்காலை வரை நடக்கின்றன. காலையில் பக்கத்துக் காலி மனை முழுவதும் பாட்டில்கள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் நள்ளிரவில் போய்க் கேட்டபோது கைகலப்பாகிவிட்டது. வீட்டு உரிமையாளர் சென்னையில் இருக்கிறார், தொலைபேசியை எடுப்பதில்லை. வளாகத்துக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு தட்டு தட்டினால்தான் சரிப்படும் என்று எங்கள் தெரு இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் உங்கள் தெரு இளைஞர்களை நிறுத்துங்கள். அடி விழுந்த மறுகணமே புகார்தாரர்களாக இருக்கும் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகிவிடுவீர்கள். அதுவரை நீங்கள் பட்ட தொல்லையெல்லாம் வழக்கில் பின்னுக்குப் போய், யார் யாரை அடித்தார்கள் என்பது மட்டுமே பேச்சாக இருக்கும். அதற்கும் மேலாக, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து தலையில் அடிபட்டால், அந்தப் பழியை உங்கள் தெருவில் யாராலும் சுமக்க முடியாது. ஆசிரியராக இருந்தவர் என்பதால் உங்கள் சொல்லுக்கு அந்த இளைஞர்களிடம் மதிப்பிருக்கும். அதை இப்போதே பயன்படுத்துங்கள்.

அடுத்து, எது குற்றம், எது குற்றமில்லை என்பதில் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள்; வயது நிரம்பிய ஒருவர் கடையில் வாங்கி வர, மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் 21 வயது நிரம்பியவர் தம் வீட்டுக்குள் அமர்ந்து குடிப்பதைக் குற்றமென்று சொல்லிக் காவல் துறையை அழைத்தால், வந்தவர்கள் அறிவுரை சொல்லிவிட்டுத் திரும்பத்தான் செய்வார்கள். அதே நபர் போதையில் தெருவுக்கு வந்து தகராறு செய்தாலோ, அத்துமீறி உங்கள் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்து தொல்லை கொடுத்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 355-ஆம் பிரிவின்படி 24 மணி நேரம் வரை வெறுங்காவலும் 1,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்; அவற்றுக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தண்டனை அது. மாணவர்களைப் பொறுத்தவரை அபராதத்தைவிட அதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். அபராதத்தை அப்பா கட்டிவிடுவார்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது ஒலி மாசு விதிகள்தான். 2000-ஆம் ஆண்டின் அந்த விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை; குடியிருப்புப் பகுதியில் அந்நேரத்தில் ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. பகலில் கூட வரம்பு 55 டெசிபல்தான். நான்கு பக்கமும் மூடிய அரங்குகளுக்கு உள்ள விலக்கு மொட்டை மாடிக்குக் கிடையாது. வேலூரின் கோடையில் பாதித் தெரு மொட்டை மாடியில்தான் பாய் விரிக்கிறது என்பதும், ஒரு மாடியில் பேசுவது நான்காவது வீட்டு மாடிக்குக் கேட்கும் என்பதும், குளிர்சாதன அறையில் வளர்ந்து வந்த பல மாணவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே புகாரில் ‘குடிக்கிறார்கள்’ என்று எழுதுவதைவிட, எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஒலிபெருக்கி ஒலித்தது, யாருடைய தூக்கம் எப்படிக் கெட்டது, காலி மனையில் என்ன கிடந்தது என்று எழுதுங்கள். தெருவில் நோயாளியோ கைக்குழந்தையோ பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் தொல்லை நடந்துகொண்டிருக்கும்போது 100 அல்லது 112-ஐ அழையுங்கள். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீது இல்லாத புகார் பின்னால் எதற்கும் உதவாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரிக்கு வருகிறேன். உரிமையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை என்கிறீர்கள். இந்தச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மாணவர்களையும் தெருக்காரர்களையும் நேருக்கு நேர் மோதவிட்டுவிட்டு, எட்டுத் தலைக்குத் தலா இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒரு குடும்பம் கொடுக்கக்கூடியதைவிட அதிகமான வாடகையை வாங்கிக்கொண்டு தொலைவில் நிம்மதியாக இருப்பவர் ஒருவர் இருக்கிறார். காட்பாடியிலும் விருதம்பட்டிலும் சத்துவாச்சாரியிலும் தெருவுக்கு இரண்டு வீடுகளாவது இப்படித்தான் நடக்கின்றன. தெருவில் அண்டை வீட்டாராக இருந்தபோது அவர் காட்டிய பொறுப்பை, வாடகைக்கு விட்டுச் சென்ற பிறகும் அவரிடம் எதிர்பார்க்கத் தெருவுக்கு முழு உரிமை உண்டு. தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அவருடைய சென்னை முகவரிக்கு அனுப்புங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலையும் இணையுங்கள். தொலைபேசியை எடுக்காமல் இருப்பது எளிது, கையெழுத்திட்டு வாங்கிய கடிதத்தைக் கண்டதில்லை என்பது எளிதல்ல.

மாணவர்களிடமும் பேசத்தான் வேண்டும், ஆனால் நள்ளிரவில் அல்ல. போதையில் இருப்பவரிடம், அதுவும் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது, நியாயம் பேசி வென்றவர் யாருமில்லை. உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு நேர்ந்ததும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல், நீங்களும் தெருவில் வயதான ஓர் அம்மாவும் போங்கள். கூட்டமாகப் போக வேண்டாம். பெயரையும் ஊரையும் படிப்பையும் கேளுங்கள். இரவு பத்து மணிக்குப் பாட்டை நிறுத்த வேண்டும், பாட்டிலைச் சாக்கில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வெளியாட்களை இரவு தங்க வைக்கக் கூடாது என்று வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு, அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வாருங்கள். உடைந்த கண்ணாடியால் முதலில் கை கிழிவது குப்பை அள்ள வரும் பெண்களுக்குத்தான் என்பதை அந்த அம்மா சொன்னால் பையன்கள் கேட்பார்கள். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர்தான் தலைமை தாங்கி ஆட்டம் போடுவார்கள். மற்றவர்களில் சிலராவது இதை யாராவது நிறுத்த மாட்டார்களா என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரி கைவிரித்தது சரியல்ல. பல கல்லூரிகள் சேர்க்கையின்போது மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கும் நடத்தை விதிகளில், வளாகத்துக்கு வெளியே கல்லூரியின் பெயர் கெடும்படி நடந்துகொள்வதும் அடங்கும். வாயிலில் இருக்கும் காவலாளியிடமோ அலுவலகப் பணியாளரிடமோ வாய்மொழியாகச் சொல்வதில் பயனில்லை. முதல்வருக்கும் மாணவர் நலப் பொறுப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். மாணவர்களின் பெயர் தெரிந்தால் மட்டும் குறிப்பிடுங்கள், ஊகத்தில் யார் பெயரையும் எழுதாதீர்கள்.

கேள்வி: வெளி மாநில மாணவர்களுக்கு வீடு தரக் கூடாது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் தீர்மானம் போடலாமா? இங்குள்ள பிள்ளைகள் இப்படியெல்லாம் நடந்துகொள்வதில்லை. — சத்துவாச்சாரி வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. நம் ஊர்ப் பிள்ளைகள் குடிப்பதில்லை என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். பாலாற்று மணலில் மாலை நேரத்தில் வட்டமாக அமர்ந்திருப்பவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சங்கத்தின் தீர்மானம் எந்த உரிமையாளரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது ஒருபுறமிருக்க, வேலூர் வெளியூர்க்காரர்களால் வாழும் ஊர் என்பதை மறந்துவிட வேண்டாம். 1900-இல் சிறிய மருத்துவமனையாகத் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக, அதைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்க மொழியில் பெயர்ப் பலகை வைத்து லாட்ஜும் உணவகமும் நடத்துகிறவர்கள் நம்மவர்கள்தான். தொல்லை தருபவர் மீது புகார் கொடுங்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பது புகாரில் இடம்பெற வேண்டியதில்லை.

கேள்வி: விருதம்பட்டில் எனக்குள்ள வீட்டை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாய்மொழிப் பேச்சுதான், ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அவர்கள் குடித்துவிட்டுத் தகராறு செய்வதாகத் தெருவில் தினமும் புகார். காலி செய்யச் சொன்னால் முன்பணத்தை முழுவதும் திருப்பிக் கேட்கிறார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினால் தாமாகவே போய்விடுவார்கள் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குக் குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. அந்த யோசனையைக் கேட்டு நடந்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். அதே சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் இரண்டையும் செய்யாமல் விட்டதால்தான் இன்று கையில் பிடிமானம் எதுவும் இல்லாமல் நிற்கிறீர்கள். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தும் அது தொடர்ந்தால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுக இச்சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கில் அவ்வளவு தூரம் போவதற்கு முன், மாணவர்களின் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். அவர்களுடைய எண்கூட உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பிள்ளைகளை எந்த நம்பிக்கையில் வீட்டுக்குள் விட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்கு உண்மையாக நேர்ந்த சேதத்தையும் வாடகை பாக்கியையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘தெருவில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்’ என்று அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இடமில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கே விடுவதாக இருந்தாலும் எழுதிப் பதிவு செய்து விடுங்கள்: எத்தனை பேர் தங்கலாம், விருந்தினர் இரவு தங்கலாமா, மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கும், புகார் வந்தால் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மொட்டை மாடிக் கதவை இரவு பத்து மணிக்குப் பூட்டும் ஒரே ஏற்பாட்டால் பாதிப் புகார்கள் நின்றுவிடும். மாதம் ஒரு முறையாவது நேரில் போய் வாருங்கள்; வாடகை வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது என்பதற்காக உரிமையாளரின் கால் அந்தத் தெருவில் படாமல் இருக்கலாகாது. அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, எந்த நேரமானாலும் அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தென் மாவட்டத்திலிருந்து வந்து காட்பாடியில் மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். நான் குடிப்பதில்லை, ஆனால் என் அறைத் தோழர்கள் குடிப்பார்கள். போன மாதம் ஒருவன் அளவுக்கு மீறிக் குடித்து நினைவில்லாமல் விழுந்துவிட்டான். 108-ஐ அழைத்தால் போலீஸ் வரும், கல்லூரிக்குத் தெரியும் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைச் சாறு கொடுக்க முயன்றார்கள். நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அதற்கு முன் நடந்த சண்டையால் யாரும் திறக்கவில்லை. விடிந்த பிறகு அவன் எழுந்துவிட்டான். இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் பிழைத்தது நீங்கள் எல்லோரும் செய்ததால் அல்ல, அவருடைய நல்ல நேரத்தால். நினைவில்லாதவரின் வாயில் எலுமிச்சைச் சாறு, மோர், காபி என எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், வாந்தியும் அப்படியே. குடித்து மயங்கிக் கிடப்பவர்களில் பலர் இறப்பது வாந்தி அடைத்து மூச்சு நின்றுதான். குளிர்ந்த நீரை ஊற்றினால் உடல் வெப்பம் இன்னும் குறையும். உடலில் சேர்ந்த மதுவைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் கரைக்கும்; எந்த வீட்டு வைத்தியத்தாலும் அதை விரைவுபடுத்த முடியாது. தூங்கட்டும் என்று விட்டுவிடுவதும் ஆபத்து, ஏனென்றால் கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், படுத்த பிறகும் போதை ஏறும்.

உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருகிறது அல்லது நடுவில் நின்று நின்று வருகிறது, உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன, உடல் சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது என்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலின் முழங்காலை மடக்கி முன்னால் வைத்து, வாயிலிருந்து வருவது வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுத் தரையை நோக்கித் திருப்பி வையுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருங்கள். என்ன குடித்தார், எவ்வளவு, மாத்திரை ஏதாவது சேர்த்து விழுங்கினாரா என்பதை ஆம்புலன்சில் வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறெதுவானாலும், அங்கே முதலில் பார்ப்பது உயிரைத்தான். கல்லூரிக்குத் தெரிந்தால் ஓர் ஆண்டு போகலாம். அதற்காக உயிரைப் பணயம் வைக்க உங்கள் நண்பர்களுக்கு உரிமையில்லை. தடுப்பவர் யாராக இருந்தாலும் தள்ளிவிட்டு நீங்கள் அழையுங்கள்.

அந்தக் கதவு திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. திறக்காதவரைக் குறை சொல்வது எளிது; நள்ளிரவில், முன்பு சண்டையிட்ட வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினால், உதவி கேட்டு வந்தவரா, வம்புக்கு வந்தவரா என்று உள்ளே இருக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எப்படித் தெரியும்? குடிக்காதவர் என்ற முறையில் இந்தப் பகையைத் தீர்க்கும் முதல் அடியை எடுத்து வைக்க உங்களால்தான் முடியும். பகல் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய், அன்று இரவு நடந்ததைச் சொல்லுங்கள். நடந்த சண்டைக்கு உங்கள் அறையின் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து, சத்தம் அதிகமானால் எனக்குச் சொல்லுங்கள் அண்ணா, நான் நிறுத்துகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் தோழர் அடிக்கடி இப்படிக் குடிப்பவரானால், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் போன்ற இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசியில் பேச விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் மகன் முதலாண்டு மாணவன். விடுதியில்தான் இருக்கிறான். சீனியர்கள் அவனை வெளியே தாங்கள் தங்கியிருக்கும் அறைக்கு வரவழைத்து, குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். மறுத்தால் மற்றவர்களுக்கு வாங்கி வரச் சொல்கிறார்கள். அங்கே தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது இவனும் திட்டு வாங்கியிருக்கிறான். புகார் கொடுத்தால் மகனுக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் பேசாமல் இருந்தால்தான் பிரச்சினை வளரும். இது நட்பும் அல்ல, விருந்தும் அல்ல, ராகிங். 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் ராகிங் குற்றம் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே வாடகை அறையில் நடந்தது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எந்தக் கல்லூரியும் இதில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எழுத்தில் புகார் வந்தால் நிர்வாகம் உடனே விசாரித்தாக வேண்டும்.

முதலில் மகனை ஒரு வாரம் வீட்டுக்கு வரவழையுங்கள், குடியாத்தம் தொலைவில்லை. அவனைத் திட்டாமல், குடித்தானா என்று துருவாமல், யார், எந்த நாள், எந்த அறை என்பதை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வந்த குறுஞ்செய்திகளையும் வாட்ஸ்அப் பேச்சுகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் அவனுடைய அப்பாவும் நேரில் போய் முதல்வரிடமும் ராகிங் தடுப்புக் குழுவிடமும் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு எண்ணான 1800-180-5522-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெயர் வெளியில் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம். புகார் எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டலோ அடியோ நடந்திருந்தால் கல்லூரியின் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காவல் நிலையத்துக்கும் போங்கள்.